தண்ணீர் எந்த இடத்தில் கெட்டது? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம், ஒரே வாரத்தில் மூன்று வீடுகளில் வயிற்றுப்போக்கு. கேன் தண்ணீர்தான் காரணம் என்று முடிவுகட்டி, கேன் போடுபவரை மாற்றினோம். நிற்கவில்லை. ஒரு வீட்டில் புது ஃபில்டர் வாங்கினார்கள். அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் துப்புக் கொடுத்தது கீழ் வீட்டுப் பாட்டி: “மோட்டார் காத்து இழுத்துச்சுன்னா மறுநாள் தண்ணி ஒரு மாதிரி நாறுது தம்பி. மத்த நாள் ஒண்ணும் இல்ல.”

சம்ப், அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி, காலியானால்தான் மோட்டார் காற்று இழுக்கும். அந்த நாளுக்கு அடுத்த நாள் மட்டும் வாடை. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். சம்பிலிருந்து இரண்டடி தள்ளி சாக்கடை சேம்பர். அது அடைத்துக்கொண்டு விளிம்பு வரை நிரம்பியிருந்தது. அந்தப் பக்கத்துச் சம்ப் சுவரில் ஒரு விரிசல், அதிலிருந்து கீழ்நோக்கிக் கறுப்பாக ஒரு கோடு. சம்ப் நிறைந்திருக்கும்போது நல்ல தண்ணீர் விரிசல் வழியாக வெளியே கசியும், யாருக்கும் தெரியாது. சம்ப் வற்றினால் அந்தப் பக்கத்துச் சாக்கடை இந்தப் பக்கம் கசியும். மூன்று வீட்டிலும் குடித்தது கேன் தண்ணீர்தான். ஆனால் பல் துலக்கியதும் தக்காளி கழுவியதும் டம்ளர் அலசியதும் குழாய்த் தண்ணீரில்.

அதிலிருந்து யாராவது “எங்க வீட்டுத் தண்ணி கெட்டுப்போச்சா, பாருங்க” என்று கேட்டால், எந்த இடத்தில் கெட்டது என்றுதான் முதலில் தேடுகிறேன். கீழே உள்ளதெல்லாம் அந்தத் தேடலின் வழி. சென்னை மாதிரி, விட்டு விட்டுத் தண்ணீர் வரும் ஊர்களையும், சம்பும் மாடித் தொட்டியும் உள்ள வீடுகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஆறு பாட்டில்

தெருவிலிருந்து டம்ளருக்கு வருவதற்குள் தண்ணீர் ஆறு இடத்தில் நிற்கிறது: தெருக் குழாய், சம்ப், மாடித் தொட்டி, சமையலறைக் குழாய், ஃபில்டர் அல்லது கேன், குடம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பாட்டில் பிடியுங்கள். நிறமில்லாத பாட்டிலாக இருக்கட்டும். எந்த இடத்துத் தண்ணீர் என்று மேலே எழுதிவிடுங்கள். போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரும் மெட்ரோ வாட்டரும் (சென்னைக் குடிநீர் வாரியம் விடும் தண்ணீர்) ஒரே சம்பில் விழும் வீடு என்றால் போருக்குத் தனியாக ஏழாவது பாட்டில்.

முக்கால் பாட்டில் பிடித்து, மூடிக் குலுக்கி, திறந்த உடனே மோந்து பாருங்கள். வெள்ளைத் தாளை வைத்து அதன் முன்னால் பாருங்கள். அப்புறம் இரவு முழுக்க அசைக்காமல் வைத்துக் காலையில் பாருங்கள். சுவைத்துப் பார்க்க வேண்டாம். கரண்ட் இருக்கிறதா என்று ஒயரில் விரல் வைத்துப் பார்க்கிற கதைதான் அது.

கோளாறு எந்தப் பாட்டிலில் ஆரம்பிக்கிறதோ, அந்த இடத்திலோ அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவிலோதான் காரணம் இருக்கும். தெருக் குழாய்ப் பாட்டிலிலேயே இருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் இருந்தால் அது உங்கள் வீட்டுப் பிரச்சினை இல்லை.

சாக்கடை வாடை, நுரை, சாம்பல் நிறக் கலங்கல்

இதில் யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை. குடிப்பது, சமைப்பது, பல் துலக்குவது எல்லாவற்றையும் உடனே நிறுத்திவிட வேண்டும். காரணத்தை அப்புறம் தேடலாம்.

தெருக் குழாயிலேயே வாடை வந்தால், அது பெரும்பாலும் தண்ணீர் விட்டதும் வரும் முதல் பத்து நிமிடத்தில்தான் அதிகமாக இருக்கும். 24 மணி நேரமும் தண்ணீர் ஓடும் குழாயில் உள்ளிருக்கும் அழுத்தம் எதையும் உள்ளே விடாது. விரிசல் இருந்தால் தண்ணீர்தான் வெளியே போகும். நம் ஊரில் தண்ணீர் சில மணி நேரம் வந்து நின்றுவிடுகிறது. மீதி நேரமெல்லாம் குழாய் வெறுமையாக, மண்ணுக்குள் ஈரத்தின் நடுவே கிடக்கிறது. பக்கத்தில் பழைய சாக்கடைக் குழாய் கசிந்தால், அந்தக் கசிவு இந்தக் குழாயின் விரிசலில் இறங்கித் தேங்கும். தண்ணீர் விட்டதும் அதுதான் முதலில் உங்கள் வீட்டுக்கு வருகிறது.

இதை மோசமாக்குவது தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி இழுப்பது. சட்டப்படி கூடாது, ஆனாலும் தெருவுக்கு நாலு பேர் செய்கிறார்கள். தண்ணீர் குறைவாக வரும் நேரத்தில் மோட்டார் உறிஞ்சினால் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் காற்று வருவது போல, குழாயில் ஓட்டை இருந்தால் அதைச் சுற்றியுள்ளது வரும். மோட்டார் போட்டவர் வீட்டுக்கு மட்டுமல்ல, அந்த வரிசைக்கே.

செய்ய வேண்டியது:

1. சம்புக்குப் போகும் வால்வை மூடுங்கள். சம்பிலிருந்து மாடிக்கு மோட்டார் போடாதீர்கள். கெட்டது சம்போடு நிற்கட்டும்.
2. சென்னையாக இருந்தால் குடிநீர் வாரியத்தின் 1916-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். மற்ற ஊர்களில் நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகம். “தண்ணீர் சரியில்லை” என்று மொட்டையாகச் சொல்லாமல், “காலை 6 மணிக்கு விட்டபோது முதல் பத்து நிமிடம் சாக்கடை வாடை, எங்கள் பக்கம் மூன்று வீட்டில் இப்படி” என்று சொன்னால், எங்கே தோண்டுவது என்று வருபவருக்குத் தெரியும்.
3. பிரச்சினை தீரும்வரை லாரித் தண்ணீரோ வேறு தண்ணீரோ வாங்கி, அதையும் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.
4. தெருவில் சரி செய்த பிறகு சம்ப், மாடித் தொட்டி இரண்டையும் கழுவாமல் பழையபடி நிரப்பாதீர்கள். கழுவும் முறை கீழே இருக்கிறது.

தெருவில் வாடை இல்லை, சம்பில் இருக்கிறது என்றால் எங்கள் வீட்டுக் கதைதான். சேம்பரில் கொஞ்சம் கலர்ப்பொடி கரைத்து ஊற்றி, சம்ப் காலியாக இருக்கும்போது சுவரில் நிறம் கசிகிறதா என்று பார்க்கலாம். மழைநீர் சம்ப் மூடி வழியாக இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். மூடி தரைமட்டத்திலேயே இருந்தால் ஒவ்வொரு மழைக்கும் வாசல் தண்ணீர் உள்ளே போகும். அரை அடியாவது திண்டு எழுப்ப வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சம்ப் மூழ்கிய வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அழுகிய முட்டை வாடை

சாக்கடை வாடையோடு இதைக் குழப்பிக்கொள்வது சகஜம். போர் தண்ணீரில் மட்டும் இந்த வாடை இருந்து, அகலமான பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் அரை மணியில் குறைந்துவிட்டால், அது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. காற்று படாத ஆழத்தில் தண்ணீரிலுள்ள சல்பேட்டை ஒருவகை பாக்டீரியா மாற்றுவதால் வருவது. வெந்நீரில் மட்டும் வந்தால் கீசருக்குள் இருக்கும் மக்னீசியம் கம்பியைப் பிளம்பரிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் போருக்குப் பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் இந்தச் சமாதானத்தை நம்பாமல் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

மருந்து வாடை

குளோரின் வாடை வருகிறது என்று புகார் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500. வழியில் கிருமி ஏதாவது சேர்ந்தால் சமாளிக்க அந்த மிச்சம் வேண்டும். திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் வாடை குறையும். கவலைப்பட வேண்டியது, தினமும் வந்த மருந்து வாடை ஒருநாள் திடீரென்று இல்லாமல் போவதைப் பற்றி. உள்ளே நுழைந்த அழுக்கோடு சண்டை போட்டுக் குளோரின் தீர்ந்திருக்கலாம். ஊராட்சித் தொட்டி ஆபரேட்டர்கள் வைத்திருக்கும் குளோரோஸ்கோப்பில் சில சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். இந்தச் சோதனைப் பெட்டி விலைக்கும் கிடைக்கிறது. சோதித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அந்த மருந்து நஞ்சு.

பெயின்ட், பெட்ரோல், டீசல் வாடை வந்தால் கொதிக்க வைப்பதாலோ குளோரின் போடுவதாலோ பயன் இல்லை. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சம்புக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் இருக்கிறதா, சமீபத்தில் தொட்டிக்குள் ஏதாவது பூசினார்களா என்று பாருங்கள்.

சிவப்பு, பழுப்பு, மஞ்சள்

பிடிக்கும்போதே சிவப்பா, பிடித்து வைத்த பிறகு சிவப்பாகிறதா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்து, சில மணி நேரத்தில் மஞ்சளாகி, காலையில் அடியில் செம்மண் நிறத்தில் படிந்தால் அது போர் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு. காற்றுப் பட்டதும் துருவாக மாறிப் படிகிறது. சமையலறையிலேயே சோதிக்கலாம்: இந்தத் தண்ணீரில் டீ டிகாஷன் போட்டால் வழக்கமான சிவப்பு வராமல் மை மாதிரி கறுக்கும். தேயிலையிலுள்ள டானின் இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. சோறும் பழுப்படிக்கும், வேட்டி ஒருபோதும் வெள்ளையாகாது. உயரத்திலிருந்து ஊற்றி, ஓர் இரவு தெளிய வைத்து, மேலே உள்ளதைத் துணியில் வடித்தால் பெருமளவு போய்விடும். இரும்பு பெரிய விஷம் இல்லை. ஆனால் ஃப்ளஷ் டேங்கில் ஆரஞ்சு நிறத்தில் வழவழப்பாகப் படிந்தால் இரும்பைத் தின்னும் பாக்டீரியா குழாயில் குடியேறியிருக்கிறது. குளோரின் போட்டுக் கழுவ வேண்டும்.

பிடிக்கும்போதே சிவப்பு, காலையில் முதல் இரண்டு வாளி மட்டும்தான், பிறகு தெளிவு என்றால் உங்கள் வீட்டுப் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் துரு. நாள் முழுக்கச் சிவப்பு என்றால் தொட்டியின் அடிச்சேறு கலங்கியிருக்கும். தெரு முழுக்கச் சிவப்பு என்றால் எங்கேயோ குழாய் தோண்டுகிறார்கள். அது தெளியும்வரை சம்ப் வால்வைத் திறக்காதீர்கள்.

பால் மாதிரி வெள்ளை

டம்ளரில் பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழி. மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் படிந்தால் களிமண்ணோ சுண்ணாம்போ. பலர் இந்தக் காற்றுக் குமிழியைப் பார்த்துப் பயந்து ஃபில்டர் வாங்கியிருக்கிறார்கள்.

கலங்கலுக்கு நம் வீடுகளில் படிகாரமும், சங்கப் பாடலிலேயே வரும் தேற்றான்கொட்டையும் உண்டு. மண்பானையின் உட்புறத்தில் கொட்டையை உரசித் தண்ணீர் ஊற்றி வைத்தால், மண் திரண்டு அடியில் இறங்கிவிடும். நல்ல வித்தைதான். ஆனால் மண்ணோடு கிருமிகள் கொஞ்சம் இறங்கினாலும், மேலே உள்ள தெளிந்த தண்ணீரிலும் மிச்சம் இருக்கும். தெளிய வைத்த பிறகும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும்.

கறுப்புத் துகள்

விரலில் வைத்து நசுக்குங்கள். மை போல இழுபட்டால் ரப்பர்: குழாய் வாஷரோ, சிங்குக்கு அடியில் உள்ள நெளியும் டியூபின் உட்புறமோ இற்றுப்போயிருக்கிறது. நறநறவென்று கரித்தூள் போல இருந்து, ஃபில்டர் தண்ணீரில் மட்டும் வந்தால் உள்ளே இருக்கும் கார்பன். புது கார்பன் போட்ட முதல் நாள் வருவது இயல்பு. தொடர்ந்து வந்தால் சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள்.

பச்சை, வழவழப்பு, நெளியும் புழு

பச்சை என்றால் தொட்டிக்குள் வெயில் போகிறது. மூடி உடைந்திருக்கும், அல்லது மூடியே இருக்காது. மாடிக்குப் போய்ப் பார்த்தால் போதும். செத்த புறாவையோ பல்லியையோ கண்டு அதிர்ந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

சிவப்பு நூல் போலப் புழு நெளிந்தால் அலற வேண்டாம். அது மனிதக் குடலிலிருந்து வந்ததல்ல. கொசு போலிருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் குஞ்சு. ரத்தத்தில் இருக்கும் அதே ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் இருப்பதால்தான் சிவப்பு. அது நோய் தராது. ஆனால் பூச்சி முட்டையிட வழியும், குஞ்சு தின்னத் தொட்டி அடியில் சேறும் இருக்கிறது என்று சொல்கிறது. நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கித் துள்ளுவது கொசுப்புழு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படி நல்ல தண்ணீரில்தான் வளரும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: கழுவுவது, மூடியைப் பொருத்துவது, காற்றுப் போகும் குழாய்க்கும் நிரம்பி வழியும் குழாய்க்கும் நைலான் வலை கட்டுவது. குழாயில் துணி கட்டி வடிகட்டிக்கொண்டு தொட்டியை அப்படியே விடுவது வைத்தியம் ஆகாது.

உப்பு, சப்பை, வெள்ளைப் படிவு

பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, பாத்திரத்தில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறது என்பதெல்லாம் கடினத்தன்மை: கால்சியமும் மக்னீசியமும். கீசருக்குக் கெடுதல், வயிற்றுக்குப் பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஐஎஸ் 10500 கரைந்த உப்புகளின் அளவை, அதாவது டிடிஎஸ்-ஐ, லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது. சாக்கடை கொஞ்சம் கலந்த மெட்ரோ வாட்டரில் 300 காட்டும். சுத்தமான போர் தண்ணீரில் 1,200 காட்டும். மீட்டரை நம்பினால் முதலாவதைக் குடிப்பீர்கள்.

ஆர்ஓ, அதாவது தண்ணீரிலுள்ள உப்பை நீக்கும் கருவி, விற்க வருபவர் இன்னொரு வேடிக்கை காட்டுவார். இரண்டு டம்ளர்; ஒன்றில் உங்கள் தண்ணீர், ஒன்றில் ஆர்ஓ தண்ணீர். கம்பிகள் உள்ள ஒரு கருவியை வைத்துக் கரண்ட் கொடுப்பார். உங்கள் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகச் சேறாகிவிடும். “இதைத்தான் சார் இத்தனை நாள் குடிச்சிருக்கீங்க” என்பார். அந்தச் சேறு கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்தது. உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், கம்பி கரையும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. அவருடைய ஆர்ஓ தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள்.

ஆர்ஓ வேண்டாம் என்று சொல்லவில்லை. கடலோர உப்பு, ஃப்ளோரைடு, நைட்ரேட் உள்ள இடத்தில் வேண்டும். டிடிஎஸ் 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓ-வைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது, அதில் வீணாகும் தண்ணீரைக் கணக்கில் வைத்துத்தான். அந்த மாதிரி தண்ணீருக்கு யூவி (புற ஊதா) விளக்கோ கொதிக்க வைப்பதோ போதும். யூவி-க்குத் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் ஒளி போய்ச் சேராது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் வருடம் ஆக ஆக வீரியம் குறையும், மாற்ற வேண்டும்.

தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, உடம்புதான் சரியில்லை

கஷ்டமான வகை இதுதான். நிறம், வாடை எதுவும் இல்லை. அறிகுறி மனிதர்களிடம் இருக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை வெளியே வந்ததற்கு முன்னால் அங்கே குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிருந்தது.

நாள் கணக்கு உதவும். காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் வரும். டைபாய்டு காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வாரம் கழித்து. மஞ்சள் காமாலையில் தண்ணீரால் பரவும் ஏ, இ வகைகள் ஒரு மாதம் கழித்துக்கூட வரும். அதனால் தெருவில் நாலு பேருக்குக் காமாலை என்றால், இன்றைய தண்ணீரைச் சோதித்துவிட்டு “நன்றாகத்தானே இருக்கிறது” என்று விடாதீர்கள். போன மாதம் எங்கே தோண்டினார்கள், எப்போது மழைநீர் தேங்கியது என்று கேளுங்கள். இ வகைக் காமாலை கர்ப்பிணிகளுக்கு உயிராபத்து. கீழாநெல்லியோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு முதல் உதவி உப்புச் சர்க்கரைக் கரைசல். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அளவு கூடக் கூடாது. மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், குடிக்க மறுக்கும் குழந்தை என்றால் வீட்டு வைத்தியத்தோடு இருக்க வேண்டாம்.

கிருமி இல்லாமலும் கெட்ட தண்ணீர் உண்டு. பிள்ளைகளின் பல்லில் சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டு, பிறகு காவி நிறம் என்றால் ஃப்ளோரைடாக இருக்கலாம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2013-இல் தண்ணீர் கொடுக்கத் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெரிய காரணமே ஃப்ளோரைடுதான். நைட்ரேட் இன்னும் கள்ளத்தனமானது: ருசி, நிறம், வாடை மூன்றும் கிடையாது. உரம் போட்ட வயலிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் கிணற்றுக்கு வரும். வரம்பு 45 மில்லிகிராம். வரம்பு மீறிய தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு உதடும் நகமும் நீலம் பாயலாம். உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி, இந்த இரண்டின் அடர்த்தியும் கூடுமே தவிரக் குறையாது. கிணற்றுக்கும் கழிவுநீர்க் குழிக்கும் குறைந்தது 15 மீட்டர், அதாவது 50 அடி இடைவெளி வேண்டும். மூன்று சென்ட் மனையில் அது எப்படி என்று கேட்பீர்கள். முடியாது, அப்படிப்பட்ட கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காமல் இருக்கலாம்.

கேனிலும் குடத்திலும் மட்டும் கோளாறு

கேனில் ஐஎஸ் 14543 என்ற எண்ணுடன் ஐஎஸ்ஐ முத்திரை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த தேதி, கிழியாத சீல் இருக்கிறதா பாருங்கள். தெருவிலும் டெம்போவிலும் கிடந்த கேனின் கழுத்தைக் கழுவாமல் டிஸ்பென்சரில் கவிழ்த்தால் மேலே உள்ள அழுக்கெல்லாம் உள்ளே. டிஸ்பென்சரைக் கழுவுவோர் அபூர்வம். குழாய் முனையில் சுண்டுவிரல் விட்டுப் பாருங்கள், வழவழப்பு தெரியும்.

குடத்தில் மட்டும் கெட்டால் காரணம் கைதான். சொம்பை விட்டு மொள்ளும்போது விரல் நனைகிறது. கைப்பிடி நீண்ட அகப்பையோ, குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்மோ போதும். கொதிக்க வைப்பவர்கள் செய்யும் தவறுகளும் இங்கேதான்: கொதித்த பிறகு பழைய துணியில் வடிப்பது, சூடு குறையக் குழாய்த் தண்ணீரை விளாவுவது. வடிப்பதை முதலில் செய்யுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆற விடுங்கள்.

சம்பும் தொட்டியும் கழுவும் முறை

முதலில் மோட்டார் பிளக்கைப் பிடுங்குங்கள். மூடியைத் திறந்து காற்றாட விட்டு, தண்ணீரை இறைத்துவிடுங்கள். மூடிக்கிடந்த சம்புக்குள் காற்று மோசமாக இருக்கும். உள்ளே இறங்கி மூச்சுத் திணறிச் செத்தவர்கள் உண்டு, தூக்கப் போனவரும் சேர்ந்து. நீளக் குச்சியில் பிரஷ் கட்டி மேலிருந்தே தேய்க்க முடிந்தால் அப்படியே செய்யுங்கள். சேறு போன பிறகு, 1,000 லிட்டர் கொள்ளளவுக்கு 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றித் தொட்டியை நிரப்பி, 24 மணி நேரம் விடுங்கள். யாரும் குழாயைத் திறந்து பயன்படுத்தக் கூடாது. பிறகு எல்லாக் குழாய் வழியாகவும் வெளியேற்றி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். பாத்ரூம் ஆசிடோடு பிளீச்சிங் பவுடரை எக்காரணத்துக்கும் சேர்க்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பொசுக்கும்.

வழக்கமான நாளில் குடிநீருக்கு என்றால் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர், ஏறக்குறைய அரை டீஸ்பூன். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். பாக்கெட் பிரித்துப் பல மாதமான பவுடர் வெறும் சுண்ணாம்பு. மூக்கில் ஏறும் வாடை இல்லையென்றால் புதிது வாங்குங்கள்.

பரிசோதனைக்குக் கொடுக்கும்போது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத் தலைநகரங்களில் ஆய்வகம் உண்டு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் பார்க்கிறார்கள். வீட்டிலேயே ஓரளவு பார்க்க, 1982-இல் இந்திய ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில் இருக்கிறது: குறி வரை தண்ணீர் ஊற்றி வைத்து, ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் மலக்கிருமி இருக்கலாம். முட்டை வாடை அடிக்கும் போர் தண்ணீர் சும்மாவே கறுக்கும் என்பதை மறக்காதீர்கள்.

கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலைத்தான் பயன்படுத்த வேண்டும். உள்ளே கொஞ்சம் வெள்ளைத் தூள் இருக்கலாம். குளோரினை முறிக்கப் போட்டது, அழுக்கு என்று அலசிவிடாதீர்கள். குழாய் வாயைத் துடைத்து, இரண்டு நிமிடம் ஓட விட்டு, மூடியின் உட்புறம் தொடாமல் பிடித்து, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். ரசாயனச் சோதனைக்குத் தனி பாட்டில். அதை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி விளிம்பு வரை நிரப்ப வேண்டும். மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலி பாக்டீரியா 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதில் சலுகை கிடையாது.

எந்த நாளில் எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். எங்கள் மாதிரியை முதல் தடவை, சம்ப் நிறைந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் எடுத்துக் கொடுத்தோம். கோளாறு இல்லை என்று தாள் வந்தது. விரிசலை நேரில் பார்த்த பிறகும், இந்தத் தாளைக் காட்டி சம்ப் வேலைக்குப் பணம் தர இரண்டு வீட்டுக்காரர்கள் மறுத்தார்கள். இரண்டாவது தடவை, மோட்டார் காற்று இழுத்த மறுநாள் காலையில், பாட்டி வீட்டுச் சமையலறைக் குழாயில் பிடித்தோம். அந்தத் தாளில் ஈ.கோலி இருந்தது. அடுத்த வாரமே கொத்தனார் வந்துவிட்டார்.